இரண்டு வயது மகளுக்கு மாதந்தோறும் காய்ச்சல், காரணம் பிடிபடவில்லை

அரைத்தூக்கம்:
வணக்கம். மகளுக்கு இரண்டு வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. அரை வருடத்துக்கு மேலாகவே மாதம் தவறாமல் காய்ச்சல் வருகிறது. சளி இல்லை, இருமல் இல்லை, மூக்கு ஒழுகல்கூட இல்லை. திடீரென்று 103, 104 ஃபாரன்ஹீட். நாலு நாள் போட்டு எடுத்துவிட்டு, ஐந்தாம் நாள் காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து ஓடுகிறாள்.

வரப்போகிறது என்பது முந்தைய சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிடும். விளையாடிக்கொண்டிருப்பவள் தலையணையை இழுத்து வந்து தரையில் போட்டுப் படுத்துக்கொள்வாள். கண் பளபளவென்று இருக்கும். கன்னம் சிவந்திருக்கும், கை கால் மட்டும் சில்லென்று கிடக்கும். கொஞ்ச நேரத்தில் உடம்பு கொதிக்க ஆரம்பித்துவிடும்.

ஒரு டாக்டர் வைரல் என்றார். இன்னொருவர் தொண்டை சிவந்திருக்கிறது என்று ஆன்டிபயாடிக் எழுதினார். சொந்தக்காரர்கள் எல்லோரும் பல் முளைக்கிறது என்கிறார்கள். ராத்திரி போனை எடுத்துத் தேடினால் முதலில் வந்து நிற்பது ரத்தப் புற்றுநோய். கணவர், குழந்தை என்றால் காய்ச்சல் வரத்தான் செய்யும் என்கிறார். யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா?

வாலுப்பசங்க அப்பா:
காப்பகத்துக்குப் போகிறாளா? புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு வருடத்துக்கு எட்டு, பத்து தடவைகூட வைரஸ் தொற்று வருவது சாதாரணம்தான். எங்கள் வீட்டில் சின்னவன் சேர்ந்த முதல் வருடம் முழுக்க இதே கதை. டாக்டர் சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுவார்.

அரைத்தூக்கம்:
போகிறாள். ஆனால் அங்கே வேறு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் இல்லாத நாளிலும் இவளுக்கு வருகிறது. வீட்டில் எங்கள் யாருக்கும் தொற்றியதில்லை. வெறும் காய்ச்சல் மட்டும் வந்து போவதுதான் எனக்கு விசித்திரமாகப் படுகிறது.

ஐந்தாம்நாள்:
கண் பளபளப்பு என்று படித்ததும் என் மகன் ஞாபகம்தான் வந்தது. அவனுக்கு முந்தைய நாள் கோபம் வரும், தொட்டதற்கெல்லாம் அழுகை. பிறகு உங்கள் மகளுக்கு வருவது மாதிரியேதான்.

அவனுக்கு இருப்பது பி.எஃப்.ஏ.பி.ஏ. என்றார்கள். உங்கள் மகளுக்கும் அதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். காய்ச்சல், வாய்ப்புண், தொண்டை அழற்சி, கழுத்தில் நெறி கட்டுவது, இவை ஏறக்குறைய சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். 1987இல் மார்ஷல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் முதலில் விவரித்தார்கள். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் தொடங்கும். வந்தால் மூன்றிலிருந்து ஆறு நாள் இருக்கும், மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் திரும்பி வரும். எல்லா அடையாளமும் ஒவ்வொரு தடவையும் தெரியும் என்றில்லை. என் மகனுக்கு வாய்ப்புண் எப்போதாவதுதான். இது கிருமியால் வருவதில்லை, ஒட்டவும் ஒட்டாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி கிருமி எதுவும் இல்லாமலே சுவிட்ச் போட்ட மாதிரி கிளம்பிவிடுகிறது. எதனால் என்பது முழுசாகத் தெளிவாகவில்லை.

முக்கியமான விஷயம், இதைப் பிடித்துச் சொல்லத் தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டுதான் இங்கே வந்து சேர வேண்டும். அதனால் டாக்டருக்கு ரிப்போர்ட் கட்டைவிட உங்கள் குறிப்பேடு அதிகம் உதவும். எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தத் தேதியில் விட்டது, எவ்வளவு ஏறியது, எந்த மருந்து எத்தனை மணிக்கு, மருந்து வேலை செய்ததும் எழுந்து உட்கார்ந்தாளா இல்லை சுருண்டே கிடந்தாளா, தொண்டை, கழுத்து, வாய், வயிறு, தோல், மூட்டு. என் குறிப்பேட்டில் ஒரு நாள் இப்படி இருக்கும்:

'இரவு 9: 103.6, அக்குள். மருந்து 9.10. மணி 10.30: 101.8, எழுந்து பொம்மை கேட்டான். வலது டான்சிலில் வெள்ளை. கழுத்தில் இடது பக்கம் நெறி, தொட்டால் கையைத் தட்டிவிடுகிறான். தோலில் ஒன்றுமில்லை.'

தொண்டையைப் பார்க்கப் போன் டார்ச் போதும். குழந்தை அழும்போது வாய் தானாகவே திறக்கும், அந்த நொடியில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். டாக்டரிடம் போகும் நேரத்தில் அந்த வெள்ளை இருக்காது.

ராத்திரிஷிப்ட்:
என் மகளுக்கும் இப்படித்தான், சளி இருமல் இல்லாத காய்ச்சல். கடைசியில் சிறுநீர்த் தொற்று. சின்னக் குழந்தைக்கு எரிகிறது, வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது, காய்ச்சல் ஒன்றுதான் வெளியே தெரியும். எல்லோரும் தொண்டையையும் காதையும் பார்த்தார்கள், சிறுநீரை யாரும் கேட்கவில்லை. பிறகு ஸ்கேன் எடுத்ததில் சிறுநீர் மூத்திரப்பையிலிருந்து மேலே சிறுநீரகத்துக்குத் திரும்பிப் போகிறது என்று தெரிந்தது. உங்கள் மகளுக்குக் காய்ச்சல் நேரத்தில் சிறுநீர் கல்ச்சர், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று வைத்துப் பார்க்கும் பரிசோதனை, செய்திருக்கிறார்களா?

அரைத்தூக்கம்:
ஒருமுறை சிறுநீர் பார்த்தார்கள், 'கொஞ்சம் இருக்கிறது' என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். கல்ச்சர் செய்ததாக ஞாபகம் இல்லை. ஒட்டுப் பையில் பிடித்துக் கொடுத்தோம்.

வார்டுஅக்கா:
குழந்தைகள் வார்டில் பல வருடமாக வேலை பார்க்கிறேன், நர்ஸ். ராத்திரிஷிப்ட் கேட்டது சரியான கேள்வி.

ஒட்டுப் பையில் பிடித்த சிறுநீரில் தோலில் இருக்கும் கிருமியும் சேர்ந்துவிடும். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நம்பலாம். இருக்கிறது என்று வந்தால் அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. சுத்தம் செய்துவிட்டு, போகும்போது நடுவில் வருவதை நேராகக் கிண்ணத்தில் பிடிக்க வேண்டும், அல்லது ஆஸ்பத்திரியில் மெல்லிய குழாய் வைத்து எடுப்பார்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே கல்ச்சருக்குக் கொடுத்துவிட வேண்டும். முதல் டோஸ் உள்ளே போன பிறகு கொடுத்தால் கிருமி வளராமலே போகலாம்.

அடுத்தது, ரத்தம் எடுக்கும் நேரம். காய்ச்சல் இருக்கும்போது ஒருமுறை, நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும் வாரத்தில் ஒருமுறை. சி.ஆர்.பி., இ.எஸ்.ஆர். என்பவை உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனைகள். இரண்டும் காய்ச்சலில் ஏறியிருக்கும், அதில் ஆச்சரியம் இல்லை. நடுவில் முழுசாக இறங்கியிருக்கிறதா என்பதைத்தான் டாக்டர் பார்ப்பார். இறங்கவில்லை என்றால் அழற்சி உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம், அப்போது தேடும் திசையே மாறிவிடும்.

இன்னொன்று, சுழற்சி நியூட்ரோபீனியா. அரிதானதுதான். ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகை மிகவும் குறைந்துபோகும், கூடவே காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வரும். பார்ப்பதற்கு ஐந்தாம்நாள் சொன்னதைப் போலவே இருக்கும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் இது தப்பித்துவிடும், ஏனென்றால் காய்ச்சல் வந்து நீங்கள் போய்ச் சேர்வதற்குள் எண்ணிக்கை மறுபடி ஏறியிருக்கலாம். அதனால் ஆறு வாரம்வரை, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை எடுத்துப் பார்ப்பார்கள். குழந்தையைக் குத்திக்கொண்டே இருக்கிறார்களே என்று கோபம் வரும். ஆனால் காரணம் இதுதான்.

எதற்கும்ரெடி:
இவ்வளவு தேவையா? எங்கள் பையனுக்கு மூன்றாம் நாள் ஆன்டிபயாடிக் ஆரம்பித்தால் மறுநாளே காய்ச்சல் விட்டுவிடும். அதற்காகவே வீட்டில் ஒரு பாட்டில் வைத்திருக்கிறோம்.

ஐந்தாம்நாள்:
சகோ, நாலாம் நாள் தானாகவே விடுகிற காய்ச்சலுக்கு மூன்றாம் நாள் எதைக் கொடுத்தாலும் நல்ல பெயர் அதற்குத்தான் போகும். ஒரு தடவை டாக்டர் மேற்பார்வையில் கொடுக்காமல் இருந்து பார்த்தோம், எங்களுக்கும் அதே நாலாம் நாள்தான் விட்டது.

வார்டுஅக்கா:
அந்த பாட்டிலைத் தயவுசெய்து தூக்கிப் போடுங்கள். தண்ணீர் கலந்து கரைத்த ஆன்டிபயாடிக் சில நாளில் வீரியம் இழந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், அரைகுறையாகக் கொடுத்துவிட்டுப் பிறகு கல்ச்சர் செய்தால் ஒன்றும் தெரியாது. மூன்று வயதுக்குள் ஸ்ட்ரெப் என்ற பாக்டீரியாவால் வரும் தொண்டைத் தொற்று அவ்வளவாக வருவதில்லை. தொண்டை சிவந்திருப்பதை மட்டும் பார்த்து மாதாமாதம் ஆன்டிபயாடிக் எழுதினால் 'தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி, ஸ்வாப் எடுத்துப் பார்க்கலாமா' என்று கேட்பதில் தப்பே இல்லை.

பல் முளைப்பதால் 103 வராது. பல் முளைக்கும்போது உடம்பு லேசாகச் சுடலாம், அதோடு சரி.

சுருட்டைமுடி அம்மா:
எனக்கு வேறு ஒரு கேள்வி. எந்தக் கட்டத்தில் பதறிக்கொண்டு ஓட வேண்டும்? ஒவ்வொரு ராத்திரியும் இந்த ஒரு முடிவுதான் என்னைக் கொல்கிறது.

வார்டுஅக்கா:
எண்ணைவிடக் குழந்தையைப் பாருங்கள். 104 இருந்து, மருந்து கொடுத்ததும் இறங்கி, கொஞ்ச நேரமாவது கண் விழித்துப் பார்த்து, தண்ணீர் குடித்து, சிறுநீர் போனால் ராத்திரியைக் கடத்தி விடியட்டும் என்று இருக்கலாம். 101தான், ஆனால் எழுப்ப முடியவில்லை, மூச்சு வேகமாக வாங்குகிறது, விலா எலும்பு உள்ளே இழுக்கிறது, கழுத்து விறைக்கிறது, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள் தோலில் வருகின்றன, எட்டு மணி நேரமாக டயபர் நனையவில்லை என்றால் மணியைப் பார்க்காதீர்கள், கிளம்புங்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 100.4 வந்தாலே உடனே போக வேண்டும், அங்கே பொறுத்துப் பார்ப்பது என்பதே கிடையாது.

காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால் வழக்கமானதுதானே என்று இருந்துவிடாதீர்கள். கண் சிவந்து பீளை இல்லாமல் இருக்கிறதா, உதடு வெடித்து நாக்கு சிவந்து தடித்திருக்கிறதா, உள்ளங்கை பாதம் வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அது கவாசாகி நோயாக இருக்கலாம். இதயத்தின் ரத்தக்குழாயைப் பாதிக்கும், பத்து நாளுக்குள் சிகிச்சை தொடங்கினால் அந்த ஆபத்து நன்றாகக் குறையும். ஏற்கெனவே மாதாமாதம் காய்ச்சல் வரும் குழந்தைக்கு இதைத் தவறவிடுவது சுலபம், 'இவளுக்கு எப்போதும் வருவதுதான்' என்ற நினைப்பு வந்துவிடும்.

மலேரியா, டெங்கு, டைபாய்டு இருக்கும் பகுதியில் இருப்பவர்களும், அங்கே போய்வந்தவர்களும் அந்தப் பரிசோதனைகளை ஒவ்வொரு காய்ச்சலுக்கும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்வரை இப்யூப்ரோஃபென் கொடுக்கக் கூடாது. ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் வீட்டில் கொடுக்கவே கூடாது.

வாலுப்பசங்க அப்பா:
பாரசிட்டமால் எவ்வளவு என்பதிலேயே எங்கள் வீட்டில் குழப்பம். ஒரு பாட்டிலில் 120 என்று இருக்கிறது, இன்னொன்றில் 250.

வார்டுஅக்கா:
இது பெரிய விஷயம், நல்ல வேளை கேட்டீர்கள். வயதை வைத்து இல்லை, எடையை வைத்துக் கணக்கு. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம், குறைந்தது நாலிலிருந்து ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம். 12 கிலோ குழந்தைக்கு 180 மி.கி. அது 5 மி.லி.யில் 120 மி.கி. இருக்கும் பாட்டிலில் ஏழரை மி.லி. 250 பாட்டிலில் கிட்டத்தட்ட மூன்றரை மி.லி. சொட்டு மருந்தில் ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. இருப்பது உண்டு, அதை சிரப் அளவில் ஊற்றினால் ஆபத்து. வீட்டில் ஒரே வகை பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், சமையலறைக் கரண்டி வேண்டாம், சிரிஞ்சில் அளந்து கன்னத்தின் உள்பக்கம் மெல்ல விடுங்கள். அளவை உங்கள் டாக்டரிடம் ஒருமுறை எழுதி வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள், எடை கூடக் கூட மாற்ற வேண்டும்.

மருந்து கொடுத்தால் 98.6க்கு வந்துவிட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒன்றிரண்டு டிகிரி இறங்கி, குழந்தை முகம் தெளிந்தால் போதும். நன்றாகத் தூங்கும் குழந்தையைக் காய்ச்சலுக்காக எழுப்பி மருந்து கொடுக்கவும் தேவையில்லை. ஈரத்துணி போட்டுப் போட்டு எடுப்பதை இப்போது நாங்கள் சொல்வதில்லை. குழந்தை நடுங்கும், நடுக்கம் வந்தால் உள்ளே சூடு இன்னும் ஏறும். மெல்லிய உடை, குடிக்க ஏதாவது, அதுவே போதும்.

ராத்திரிஷிப்ட்:
வலிப்பு பற்றியும் சொல்லிவிடுங்கள் அக்கா. என் மகளுக்கு ஒருமுறை வந்தபோது பெரியவர்கள் வாயில் கரண்டி வைக்க ஓடினார்கள்.

வார்டுஅக்கா:
வாயில் எதுவும் வைக்கக் கூடாது, பிடித்து அமுக்கவும் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, மணி பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ். முதல் முறை வந்தால் சீக்கிரம் நின்றாலும் அன்றே காட்டிவிட வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுவரை சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் வருவதுதான், பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் மூளையைப் பாதிக்காது.

அரைத்தூக்கம்:
எல்லோருக்கும் நன்றி. இரண்டாவது முறை முழுசாகப் படித்துவிட்டுக் கணவரிடமும் படிக்கக் கொடுத்தேன். குறிப்பேடு ஆரம்பித்துவிட்டேன், பழைய தேதிகளைப் போன் படங்களையும் காப்பகத்துக்கு அனுப்பிய லீவு மெசேஜ்களையும் வைத்துப் பிடித்தேன். பார்த்தால் நாலு வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் முன்னே பின்னே. வரிசையாக எழுதி வைத்ததும் அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். 'அடுத்தது அப்போ இருபதாம் தேதி வாக்கிலா?' என்றார். அதற்குப் பிறகு 'குழந்தை என்றால்' பேச்சு நின்றுவிட்டது.

ரத்தப் புற்றுநோய் பயம் மட்டும் போகவில்லை.

ஐந்தாம்நாள்:
அந்தப் பயத்தைச் சொல்லி டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள், மறைக்காதீர்கள். நான் கேட்டபோது அவர் என்னிடம் திருப்பிக் கேட்டவை: முகம் வெளுத்திருக்கிறதா, காரணமில்லாமல் கன்றிப்போகிறதா, ராத்திரி கால் வலி என்று எழுந்து அழுகிறானா, நொண்டுகிறானா, எடை குறைகிறதா, காய்ச்சல் இல்லாத வாரத்தில் பழைய சுறுசுறுப்பு இருக்கிறதா. ரத்த எண்ணிக்கையோடு ஸ்மியரும், அதாவது ரத்தத் துளியை நுண்ணோக்கியில் வைத்து, பார்த்தார். நடுவில் குழந்தை முழுசாகத் தேறி, எடையும் உயரமும் வயதுக்கேற்றபடி ஏறினால் அது பெரிய ஆறுதல்.

பி.எஃப்.ஏ.பி.ஏ.வுக்குக் காய்ச்சல் தொடங்கும்போது ஒரே ஒரு டோஸ் ஸ்டீராய்டு கொடுத்தால் சில மணி நேரத்தில் நிற்கும் என்று எங்கேயாவது படித்திருப்பீர்கள். உண்மைதான், என் மகனுக்கு அப்படியே நின்றது. ஆனால் அடுத்தது சீக்கிரம் வந்தது, இடைவெளி சுருங்குவது அதன் தெரிந்த பக்கவிளைவு. நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். ரத்தப் புற்றுநோயை விலக்குவதற்கு முன் ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் தற்காலிகமாக அடங்கி, கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். எங்கள் டாக்டர் அதனால்தான் ஆரம்பத்தில் கேட்டும் தரவில்லை, அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது. டான்சிலை எடுத்தால் நிறையப் பிள்ளைகளுக்கு நின்றுவிடுகிறது, ஆனால் அது அறுவைசிகிச்சை. பெரும்பாலானவர்களுக்கு வயது ஏற ஏறத் தானாகவே விட்டுப்போகும் என்பதால் நாங்கள் காத்திருக்கிறோம்.

சுருட்டைமுடி அம்மா:
குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்பார்களே, அது எதற்கு?

வார்டுஅக்கா:
பரம்பரையாக வரும் காய்ச்சல்கள் உண்டு. எஃப்.எம்.எஃப். என்று ஒன்று, எம்.இ.எஃப்.வி. என்ற மரபணுவில் மாற்றம். காய்ச்சல் ஒன்றிலிருந்து மூன்று நாள்தான் இருக்கும், கூடவே கடுமையான வயிற்று வலி அல்லது நெஞ்சு வலி. சிகிச்சை இல்லாமல் விட்டால் பின்னாளில் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், கோல்சிசின் மாத்திரை அதைத் தடுக்கும், ஆகவே பெயர் கண்டுபிடிப்பது முக்கியம். இன்னொரு வகை முதல் வயதுக்குள்ளேயே தொடங்கி, தடுப்பூசிக்குப் பிறகு கிளம்பும், வயிற்றுப்போக்கும் நெறியும் இருக்கும். வேறொன்றில் காய்ச்சல் வாரக்கணக்கில் நீளும், கண்ணைச் சுற்றி வீங்கும். அதனால்தான் எத்தனை நாள் இருக்கிறது, எந்த வயதில் தொடங்கியது, எதற்குப் பிறகு வந்தது என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். மூட்டு வீக்கம், தினமும் சாயங்காலம் ஏறி இறங்கும் காய்ச்சல், அதோடு வந்து மறையும் இளஞ்சிவப்புத் தடிப்பு இருந்தால் குழந்தைகள் மூட்டு நோய் நிபுணரிடம் போகச் சொல்வார்கள்.

அரைத்தூக்கம்:
கொஞ்ச நாள் கழித்து வருகிறேன். இருபதாம் தேதியைச் சொல்லிவைத்த மாதிரி காய்ச்சல் வந்தது. இந்த முறை ஒரே டாக்டரிடம் குறிப்பேட்டோடு போனோம். முதல் பக்கத்தைப் பார்த்ததுமே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தார். சிறுநீர் ஒழுங்காகப் பிடித்துக் கல்ச்சர் செய்ததில் ஒன்றும் வளரவில்லை. தொண்டை ஸ்வாப் சுத்தம். சி.ஆர்.பி. எகிறியிருந்தது. நன்றாக இருந்த வாரத்தில் எடுத்தபோது இயல்புக்கு வந்துவிட்டது, ஸ்மியரும் சரி. நியூட்ரோஃபிலை வாரவாரம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இதுவரை விழவில்லை. 'பி.எஃப்.ஏ.பி.ஏ.வாக இருக்கலாம், இன்னும் முடிவாகச் சொல்ல மாட்டேன்' என்றார். முடிவு சொல்லாத டாக்டர் மேல் எனக்கு முதல்முறையாக நம்பிக்கை வந்திருக்கிறது.

காப்பகத்தில் ஒரு கடிதம் கேட்டார்கள், ஒட்டாத காய்ச்சல் என்று இப்போதைக்கு எழுதித் தர டாக்டர் மறுத்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் வேறு தொற்று இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்றார். லீவுதான் பிரச்சினை. கணவர் பாதி நாள், நான் பாதி நாள் என்று காலண்டரில் முன்கூட்டியே குறித்துவிட்டோம்.

ஒரு சந்தேகம். அடுத்த தடுப்பூசித் தேதி சரியாகக் காய்ச்சல் வாரத்தில் விழுகிறது. தள்ளிப் போடலாமா?

வார்டுஅக்கா:
லேசான சளிக்குத் தடுப்பூசியைத் தள்ள வேண்டியதில்லை, ஆனால் 103இல் கிடக்கும் குழந்தைக்குப் போட மாட்டார்கள். காய்ச்சல் விட்ட அடுத்த வாரம் போட்டுக்கொள்ளுங்கள், அதற்கு மேல் இழுக்காதீர்கள். இப்போதே போன் செய்து தேதியை மாற்றிவிடுங்கள். பிற்பாடு ஸ்டீராய்டு கொடுக்க ஆரம்பித்தால் அதையும் போடுபவரிடம் சொல்லுங்கள். ஒற்றை டோஸ் பொதுவாகத் தடையாக இருக்காது. ஊசி போட்ட பிறகு வரும் சூட்டையும் குறிப்பேட்டில் தனியாகக் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதக் கணக்கில் அதுவும் கலந்துவிடும்.